மூட்டைக்கு ஓர் அகப்பை மாவு

ஆயிரத்து எழுநூற்று ஆறாம் ஆண்டுக் குளிர்காலத்தில் எடின்பரோவில் துண்டுப் பிரசுரம் எழுதாத ஆண்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். எண்ணி முடித்த பிறகும் இரண்டு விரல் மிச்சமிருக்கும். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே ராஜ்ஜியமாக இணையலாமா கூடாதா என்று எங்கள் பாராளுமன்றம் அக்டோபரில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தது. பேச்சு உள்ளே நடந்தது, எழுத்து வெளியே நடந்தது. போதகர் எழுதினார். அவருக்கு மறுப்பாக வக்கீல் எழுதினார். வக்கீலுக்கு மறுப்பாக ஒரு பிரபு எழுதினார். பிரபுவுக்கு எழுத வராததால் அதையும் அந்த வக்கீலே எழுதிக் கொடுத்து, தன்னைத் தானே நார்நாராகக் கிழித்துக்கொண்டார்.

நான் அப்போது ஓர் அச்சுக்கூடத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாத்தியார் வேலை போனவனுக்கு வேறு எங்கே இடம்? இணைப்பு வந்தால் நாடு நாசம் என்பதைக் காலையில் பிழையறத் திருத்துவேன். இணைப்பு வராவிட்டால் நாடு நாசம் என்பதை மத்தியானம் திருத்துவேன். இரண்டுக்கும் ஒரே ஈய எழுத்துகள், ஒரே மை. நாடு எப்படியும் நாசம் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இல்லை என்று தெரிந்தபோது மனதுக்கு ஒரு நிம்மதி வந்தது.

பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. பாராளுமன்றம் கூடிய மண்டபத்தில் இப்போது வக்கீல்கள் நடை பழகுகிறார்கள். பிரசுரம் யாராவது எழுதினால் அதில் ஹெரிங் மீன் மடித்துத் தருகிறார்கள். அந்த நாளை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. அப்போதெல்லாம் எழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. நாங்கள் எழுதியதை அரசாங்கம் எரித்தது.

எரித்தவர் பெயர் நினியன் டாட்ஸ். நகரத்தின் தூக்குக்காரர். அந்தக் குளிர்காலத்தில் பிரசுரங்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு தாள் விடாமல் கையாண்ட ஒரே மனிதர் அவர்தான். அவருக்குப் படிக்கத் தெரியாது.

பிறப்பால் அவர் தூக்குக்காரர் இல்லை. லீத் துறைமுகத்தில் பீப்பாய் செய்துகொண்டிருந்தவர். அப்புறம் பஞ்ச வருஷங்கள் வந்தன. பார்லி விளையவில்லை, பார்லி இல்லாமல் பீர் இல்லை, பீர் இல்லாமல் பீப்பாயை எவன் கேட்பான்? பட்டறை மூடிய வருஷம் நகரத்தில் தூக்குக்காரர் வேலை காலியாக இருந்தது. பட்டினியில் செத்தாலும் சாவேன், அந்த வேலைக்குப் போகமாட்டேன் என்று முப்பது பேர் சொன்னார்கள். அதில் பாதிப்பேர் சொன்னபடியே செய்தார்கள். நினியன் மட்டும் மனைவி மேரியனின் முகத்தைப் பார்த்தார், கன்னத்து எலும்பைப் பார்த்தார், போய்ச் சேர்ந்துவிட்டார்.

மேரியன் அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு ஃபைஃபில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறு மாதத்தில் திரும்பி வந்தாள்.

"என்னடி, ஊரு காறித் துப்புமேன்னு போனே?" என்றாராம் இவர்.

"தங்கச்சி வீட்டுல துப்பறதுக்கு எச்சில் கூட இல்லைங்க," என்றாளாம் அவள். "இங்க அடுப்புல கஞ்சி கொதிக்குதா இல்லியா, அதைச் சொல்லுங்க."

கொதித்தது. அதற்குக் காரணம் அகப்பை.

எங்கள் மாவுச் சந்தையில் புதன், சனி இரண்டு நாளும் ஓட்ஸ் மாவு மூட்டைகள் வந்து இறங்கும். விற்பனை தொடங்குமுன் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஓர் அகப்பை மாவு தூக்குக்காரருடையது. எந்த ராஜா காலத்து வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. கையால் அள்ளக் கூடாது. தூக்குப் போட்ட கை பட்ட மாவை யார் தின்பார்கள்? அதனால் மர அகப்பை. நினியன் அதை இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். அள்ளியதும், குவிந்து நிற்கும் மாவை ஒரு குச்சியால் வழித்து, மிச்சத்தை மூட்டைக்குள்ளேயே தள்ளிவிடுவார். இதற்கு முன் இருந்த தூக்குக்காரர்கள் யாரும் வழித்ததில்லை. அவர்கள் அள்ளுவது கோபுரம் மாதிரி இருக்குமாம். பீப்பாய் செய்தவருக்கு அளவு என்றால் அளவு.

மற்றபடி அவர் வாழ்க்கை அந்த வேலைக்கு உரிய வாழ்க்கைதான். சர்ச்சில் அவருக்குத் தனிப் பலகை. சாராயக் கடையில் அவருக்குத் தனிக் கோப்பை, வாசலுக்கு வெளியே ஆணியில் தொங்கும். எதிரே வருகிற கர்ப்பிணிப் பெண்கள் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து அவர் போனபிறகு வெளியே வருவார்கள். இவரும் அவர்கள் சிரமப்பட வேண்டாமே என்று, ஒரு சந்து தள்ளியே நின்று தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் வருவார்.

முதல் பிரசுரத்தை எரிக்கச் சொல்லிப் பாராளுமன்றம் உத்தரவிட்டது நவம்பரில். அவையின் சேவகர் கையில் வெள்ளிக் கோலுடன் வந்து, நகர அறிவிப்புகள் படிக்கும் சந்தைத் தூண் மேடையில் ஏறி, உத்தரவைப் படித்தார்: தூக்குக்காரர் தன் கையால் இன்ன பிரசுரத்தை இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் எரிக்க வேண்டியது. சுற்றி ஆயிரம் பேர். எடின்பரோ மழையில் ஊறிய காகிதம் எரியுமா? புகைந்தது. கூட்டம் சிரித்தது. நினியன் மறுநாளே ஒரு தார்ப் பீப்பாய்க்கு ஏற்பாடு செய்துவிட்டார். தாள்களை ஒன்றொன்றாகப் பிரித்து, விசிறி போல விரித்து, அனல் முகத்தில் படாமல் பக்கவாட்டில் நின்று போடுவது எப்படி என்று மூன்றாவது எரிப்பில் அவருக்குக் கை வந்துவிட்டது. இணைப்பை ஆதரித்ததும் எதிர்த்ததும் அவர் கையில் ஒரே மாதிரி எரிந்தன. இரு தரப்பையும் சமமாக நடத்திய ஓர் அரசு ஊழியரை அந்த வருஷம் நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

தூணுக்கு எதிரே மாடிப்படியின் அடியில் எல்ஸ்பெத் கெய்ர்ன்ஸ் பிரசுரங்களைக் கயிற்றில் துணி மாதிரி தொங்கவிட்டு விற்பாள். வெட்கம் மானம் எல்லாம் வியாபாரம் முடிந்த பிறகுதான் என்று இருக்கிறவள். தூக்குக்காரரை "அண்ணே" என்று ஊரில் முதலில் கூப்பிட்டதும் அவள்தான்; அவளைப் பார்த்து நானும் பழகிக்கொண்டேன்.

"அண்ணே, அடுத்து எதை எரிக்கப் போறீங்க?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? சபையில சொல்லணும்."

"காதுல விழுந்தா முன்கூட்டியே சொல்லுங்க. நூறு காப்பி எடுத்து வச்சுக்கறேன்."

"எதுக்கு? எரிக்கவா?"

"விக்கண்ணே! நீங்க எரிக்காத சரக்கை இப்ப எவன் தொடுறான்?"

உண்மைதான். எரிந்த பிரசுரம் அன்று சாயங்காலத்துக்குள் மூன்று பதிப்பு போகும். எரியாத பிரசுரம் கயிற்றிலேயே பழுத்து உதிரும். இது எழுதுகிறவர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நாள் நல்ல கறுப்பு அங்கி போட்ட போதகர் ஒருவர் தூணுக்குப் பக்கத்தில் வந்து, கர்ப்பிணிகள் நிற்கும் தூரத்தில் நின்று கேட்டார்.

"ஏம்ப்பா, என்னோடதை ஏன் இன்னும் எரிக்கலை? நாப்பது பக்கம் எழுதியிருக்கேன். அதுல என்ன குறை கண்டீங்க?"

"குறை ஒண்ணும் இல்லைங்க ஐயா," என்றார் நினியன் மிகுந்த மரியாதையோடு. "சபையில யாரும் இன்னும் படிக்கலை போல."

போதகர் அடுத்த வாரம் எண்பது பக்கத்தில் மறுபதிப்புக் கொண்டுவந்தார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாவுச் சந்தையில் கில்பர்ட் பர்டி வாயைத் திறந்தார். பர்டி பெரிய மாவு வியாபாரி. ஒரு சந்தைக்குப் பத்து மூட்டை இறக்குகிறவர். அவருக்கு இணைப்பைக் கண்டாலே ஆகாது. எதிர்ப்பு மனுக்கள் மூன்றில் கையெழுத்துப் போட்டவர். அந்தப் புதன்கிழமை நினியன் முதல் மூட்டையின் பக்கம் குனிந்தபோது அவர் கேட்டார்:

"என்னப்பா கயித்துக்காரா, இன்னும் எத்தனை வாரத்துக்கு இந்த அகப்பை?"

"ஏன் மொதலாளி?"

"ரெண்டு ராஜ்ஜியமும் ஒண்ணாகப் போகுதுல்ல? பழைய ஸ்காட்லாந்து மாமூல் எல்லாம் அன்னியோட காலி. லண்டன் சந்தையில தூக்குக்காரன் மூட்டைக்குள்ள கையை விடறானா?"

"நான் கையை விடறதில்லைங்களே. அகப்பைதான்."

"அந்த அகப்பையால உன் வீட்டுக் கஞ்சியைக் கிளறிக்க. சந்தையில நாங்க எல்லாரும் பேசி முடிச்சாச்சு. இணைப்பு வர்ற அன்னைக்கு மூட்டை வாயை இறுக்கிக் கட்டிருவோம். எவன் கேக்கறான்னு பாக்கலாம்."

இணைப்பினால் வரக்கூடிய நன்மையைப் பற்றி நான் அதுவரை திருத்தியிருந்த இருபத்துச் சொச்சம் பிரசுரங்களில் இது இல்லை. பர்டி அந்த வாரத்திலேயே கட்சி மாறினார். கொள்கைக்காகத்தான் மாறினார், அந்தக் கொள்கை அகப்பை அளவு இருந்தது.

நினியன் அன்று மத்தியானம் அச்சுக்கூடத்துக்கு வந்தார். உள்ளே வந்தால் அச்சு வேலை செய்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள் என்பதால் படிக்கட்டில் மூன்று படி கீழே நின்றார். நான் மேலே உட்கார்ந்தேன்.

"வாத்தியாரே, இணைப்பு ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்காமே. அதுல என் அகப்பை இருக்கான்னு பாத்துச் சொல்றீங்களா?"

இருபத்தைந்து ஷரத்துகளையும் படித்தேன். உப்பு இருந்தது. பீர் காய்ச்சும் மால்ட் இருந்தது. நாணயம், கப்பல், கொடி, கடன் எல்லாம் இருந்தன. இருபதாவது ஷரத்து வந்தபோது நிறுத்தினேன். பிரபுக்களின் பரம்பரைப் பதவிகளும் ஆயுள் பதவிகளும் அவரவர் சொத்தாகவே இப்போதுபோல் எப்போதும் நீடிக்கும் என்றிருந்தது. இருபத்தொன்றாவதில் நகரங்களின் உரிமைகள் அப்படியே இருக்கும் என்றிருந்தது.

"அவ்வளவுதாண்ணே. உங்க அகப்பை நகரத்து வழக்கம். இதுக்குள்ள அடங்கிருச்சு. கவலைப்படாம போங்க."

"அகப்பைன்னு எழுதியிருக்கா?"

"அகப்பைன்னு எழுதலை. ஆனா உரிமைன்னா எல்லாம் சேர்ந்ததுதானே?"

அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்ட ஆட்டல் அல்ல.

"வாத்தியாரே, எனக்கு வர்ற உத்தரவுல 'காதை அறு'ன்னு இருந்தா நான் செய்யறதில்லை. எந்தக் காதுன்னு கேட்டு எழுதி வாங்கிட்டுத்தான் கத்தியைத் தொடுவேன். இந்தப் பத்து வருஷத்துல பேப்பர்ல எழுதாத ஒண்ணை நான் செஞ்சதில்லை. எழுதாதது இல்லாததுதான். பிரபுக்களோடதுக்கு மட்டும் தனியா ஒரு ஷரத்து எழுதிக்கிட்டாங்க பாருங்க. அவங்களுக்கும் அது தெரியும்."

நான் படித்த எந்த வக்கீல் பிரசுரத்திலும் இதற்குப் பதில் இல்லை. சமாதானமாக, "போனாப் போகுதுண்ணே. நகரசபை மாவுக்குப் பதிலா சம்பளமா ஏதாவது குடுத்துடும்," என்றேன்.

"குடுப்பாங்க. ஜன்னல் வழியா நீட்டுவாங்க." அகப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் மூட்டை பக்கத்துல போய் நின்னா, மூட்டைக்காரன் 'எடுத்துக்கோ'ன்னு சொல்லணும். அது வழக்கம். சொல்லாம நான் எடுக்கக் கூடாது. சந்தைக்கு நாப்பது மூட்டை வருது. நாப்பது தடவை என் மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை சொல்றாங்க. வாரத்துல அந்த ரெண்டு நாள்தான் வாத்தியாரே. மத்த நாள்ல மேரியனைத் தவிர என்கிட்ட யாரு பேசறா?"

நான் உட்கார்ந்திருந்த படியிலிருந்து ஒரு படி இறங்கி உட்கார்ந்தேன். அவர் ஒரு படி இறங்கி நின்றுகொண்டார்.

அப்படித்தான் அந்தப் பிரசுரம் பிறந்தது. நினியன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மொத்தம் எட்டுப் பக்கம். அந்தக் காலத்து முறைப்படி தலைப்பு மட்டும் ஒரு பக்கம்: எடின்பரோ மாவுச் சந்தையில் மூட்டை ஒன்றுக்கு ஓர் அகப்பை மாவு பெறும் தொன்றுதொட்ட உரிமையுடைய நகரத் தூக்குக்காரர், இரு ராஜ்ஜியங்களின் பெரியோர் சமூகத்துக்குப் பணிவுடன் விடுக்கும் விண்ணப்பம். இணைப்பு வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் அப்படி வந்த பிரசுரம் அது ஒன்றுதான்.

ஆறாவது பக்கத்தில் ஒரு பத்தி. அவர் சொன்னதை நான் அப்படியே எழுதினேன்: "மாட்சிமை தங்கிய பிரபுக்களின் பரம்பரை வரும்படிகளை இருபதாம் ஷரத்து காப்பாற்றுகிறது. மகிழ்ச்சி. என்னுடையதும் அதே வகைதான். அவர்களும் ஜனங்களின் மூட்டையிலிருந்துதான் எடுக்கிறார்கள், நானும் அப்படியே. நான் குச்சியால் வழித்துவிட்டு எடுக்கிறேன் என்பது ஒன்றே வித்தியாசம்."

"அண்ணே, இது கொஞ்சம் காரமா இருக்கே," என்றேன்.

"இதுல என்ன காரம்? நான் வழிக்கறது நிஜந்தானே? சந்தையில யாரை வேணா கேளுங்க."

அவர் முகத்தில் துளி விஷமம் இல்லை. பிழை திருத்துவதற்கு நடுவே நையாண்டியும் எழுதிப் பழகியவன் நான். என்னால் அப்படி ஒரு வரி எழுத முடிந்ததில்லை. எழுதியிருந்தால் முதலில் நானே சிரித்துக் கெடுத்திருப்பேன்.

எல்ஸ்பெத் அதைக் கயிற்றில் தொங்கவிட்ட மூன்றாம் நாள் பாராளுமன்றத்தில் ஒரு பிரபு எழுந்து ஆறாவது பக்கத்தைப் படித்தார். அவர் இணைப்பை ஆதரிக்கிறவர். எதிர்க்கிற பிரபு ஒருவர் உடனே எழுந்து, இத்தனை நாளில் முதல் முறையாக, எதிரே இருக்கும் என் நண்பர் சொல்வது சரி என்றார். ஒரு தூக்குக்காரனை நம்மோடு ஒரே வரிசையில் உட்கார வைப்பதா? உப்பு வரியில் ஒன்றுபடாத அவை, தேவாலய விஷயத்தில் ஒன்றுபடாத அவை, எத்தனை உறுப்பினர் லண்டனுக்குப் போவது என்பதில் ஒன்றுபடாத அவை, அன்றைக்கு ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டது. அந்தப் பிரசுரத்தைத் தூக்குக்காரர் கையால் எரிக்க வேண்டியது.

நகர நீதிபதி நினியனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"இதை எழுதினது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"நான்தாங்க ஐயா."

நீதிபதி கண்ணில் தண்ணி வரும் வரை சிரித்தார். "போய்யா, போ! உன் பேரை வச்சு எவனோ பெரிய படிப்பாளி விளையாடியிருக்கான். அவனைக் கண்டுபிடிக்கணும்."

"ஆத்தா மேல சத்தியமா நான்தாங்க. எழுதத் தெரியாது. சொன்னேன்."

"அப்பாவிய்யா நீ. யாரு கேட்டாலும் நான்தான் நான்தான்னு சொல்லிக்கிட்டுத் திரியாதே. வம்பு."

இப்படியாக உண்மையைச் சொன்ன ஒரே சாட்சியை வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு, அவர்கள் பெரிய படிப்பாளியைத் தேடினார்கள். என் வீட்டுப் பக்கம் யாரும் வரவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் நினியனின் நிலைமை சிரிக்கும்படி இல்லை. எரிக்க மறுத்தால் வேலை போகும், வேலையோடு அகப்பையும் போகும். எரித்தால், அகப்பைக்காக உலகத்தில் எழுதப்பட்ட ஒரே காகிதத்தை அவர் கையாலேயே சாம்பலாக்க வேண்டும். "எழுதாதது இல்லாததுதான்" என்று சொன்ன மனிதர். எரிப்புக்கு முந்தின இரண்டு நாளும் அவர் வெளியே வரவில்லை. மேரியன் மட்டும் தண்ணீர் எடுக்க வந்தாள். குழாயடியில் எல்ஸ்பெத் கேட்டாளாம், "அண்ணன் எப்படியிருக்காரு?" "குச்சியை இழைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு," என்றாளாம். "ஏற்கனவே வழவழன்னுதான் இருக்கு அது."

மூன்றாம் நாள் தார்ப் பீப்பாய் வந்தது. கூட்டம் தூணைச் சுற்றி நெருங்கியது. பர்டியும் வந்து முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்ஸ்பெத் எரிப்பதற்கென்று முப்பது பிரதிகள் கொடுத்திருந்தாள். அதில் இருபது வேறு ஒரு பழைய பிரசுரத்தின் கிழிசல்கள், மேலே மட்டும் பத்து நிஜம். நினியன் சாம்பல் நிறக் கோட்டில் வந்து நின்றார். முகம் மழித்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

சேவகர் உத்தரவைப் பிரித்துப் படித்தார்.

அந்த உத்தரவை எழுதிய குமாஸ்தா யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் கல்லறையில் பூ வைத்திருப்பேன். வழக்கமாக எரிப்பு உத்தரவில் "நகரத் தூக்குக்காரர்" என்று ஒரு சொல்தான் வரும். அந்த வாரம் அவைக்கு வேலை நெருக்கடி. குமாஸ்தா பிரசுரத்தை எதிரே விரித்து வைத்துக்கொண்டு, தலைப்பிலிருந்த நீளமான பட்டத்தைப் பார்த்திருக்கிறார். நீளமான தொடரைக் கண்டால் எந்தக் குமாஸ்தாவுக்குத்தான் கை நிற்கும்? அப்படியே இறக்கிவிட்டார்.

சேவகர் படித்தார்: "...மேற்படி அவதூறுப் பிரசுரத்தை, எடின்பரோ மாவுச் சந்தையில் மூட்டை ஒன்றுக்கு ஓர் அகப்பை மாவு பெறும் தொன்றுதொட்ட உரிமையுடைய நகரத் தூக்குக்காரர், தன் கையால், இவ்விடத்தில், நண்பகலில் எரிக்க வேண்டியது என்று இந்தப் பாராளுமன்றம் கட்டளையிடுகிறது."

நான் கூட்டத்தில் நின்றிருந்தேன். எனக்கு முதலில் உறைக்கவில்லை. பிழை திருத்துகிறவனின் கண் எழுத்தைப் பார்க்கும், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. நினியனுக்கு உறைத்தது. அவர் தலை நிமிர்ந்தது.

"ஐயா, மன்னிக்கணும். அதை மறுபடி ஒரு தடவை படிக்கிறீங்களா? எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அவருக்குக் காது மந்தமில்லை. பத்து வருஷத்தில் அவர் சொன்ன ஒரே பொய் அது. சேவகர் மறுபடி படித்தார். இன்னும் உரக்கப் படித்தார். ஆயிரம் பேர் கேட்டார்கள்.

"எழுதியிருக்கிறதைத்தான் படிக்கிறீங்களா? முத்திரை இருக்குங்களா?"

"இருக்குய்யா. இதோ பாரு. தொடங்கு."

தூக்குக்காரர் உத்தரவைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார், அது அவருக்கே சேரும். நினியன் அதை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தார். பிறகு எரித்தார் பாருங்கள்! அப்படி ஓர் எரிப்பை எடின்பரோ அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஒவ்வொரு தாளாக விரித்து, ஒரு மூலைகூடக் கருகாமல் தப்பக் கூடாது என்று குச்சியால் தள்ளித் தள்ளி, கடைசிச் சாம்பலையும் கிளறிப் பார்த்து, எல்லாம் முடிந்ததா என்று சேவகரிடம் கேட்டு, "முடிந்தது" என்று அவர் வாயால் சொல்லக் கேட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு நான் பக்கத்தில் போனேன். "அண்ணே, மனசு கஷ்டமா இல்லியா?"

"ஏன் வாத்தியாரே? நீங்க எழுதினது அச்சு. இது பாராளுமன்றம் எழுதினது." சட்டையைத் தட்டினார். "உத்தரவை ஒழுங்கா நிறைவேத்தினாத்தான் உத்தரவு செல்லும். அதான் பாத்துப் பாத்து எரிச்சேன்."

ஜனவரியில் ஒப்பந்தம் நிறைவேறியது. மே முதல் தேதி இரண்டு ராஜ்ஜியமும் ஒன்றாயின. எங்கள் பாராளுமன்றம் இல்லாமல் போனது. அதையடுத்து வந்த முதல் சந்தை நாளில் மாவுச் சந்தையில் நாற்பது மூட்டைகளும் வாய் இறுகக் கட்டி நின்றன. பர்டியின் மூட்டைகளுக்கு இரட்டை முடிச்சு. நினியன் இடுப்பில் அகப்பையோடு வந்து அவருடைய முதல் மூட்டையின்முன் நின்றார். எனக்கும் எல்ஸ்பெத்துக்கும் முன்னமே சொல்லிவிட்டிருந்ததால் நாங்களும் போயிருந்தோம்.

"கடை மூடியாச்சு கயித்துக்காரா," என்றார் பர்டி. "இது கிரேட் பிரிட்டன்."

நினியன் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் கையிலிருந்து நேராக என் கைக்கு. நான் வாங்கிக்கொண்டு வாசித்தேன்.

"என்னய்யா இது! இது எரிக்கச் சொன்ன உத்தரவு!" என்று கத்தினார் பர்டி. "கண்ணு முன்னால எரிச்சதை நான் பாத்தேனே!"

"எரிக்கச் சொன்னது புஸ்தகத்தை மொதலாளி," என்றாள் எல்ஸ்பெத். "அகப்பையையா எரிக்கச் சொன்னாங்க? உரிமை உள்ளவர்னு போட்டு முத்திரை அடிச்சிருக்கு. நீங்களும் முன்வரிசையில நின்னு கேட்டீங்களே."

"அது குமாஸ்தா தப்பா எழுதினது! அந்த அர்த்தத்துல எழுதலை!"

"இருக்கலாம்," என்றேன் நான். "அப்படின்னா பாராளுமன்றத்துக்கு ஒரு மனு போடுங்க. தப்புன்னு அவங்க சொல்லட்டும், திருத்திக்கலாம்."

"எந்தப் பாராளுமன்றத்துக்கு?"

"இதைப் போட்ட பாராளுமன்றத்துக்குத்தான். வேற யாரு திருத்த முடியும்?"

பர்டி மேலே மண்டபம் இருந்த திசையைப் பார்த்தார். அதன் கதவு பூட்டியிருந்தது. அதன் பிரபுக்கள் லண்டனுக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் கடைசிச் சொற்களில் ஒன்று நாலாக மடிந்து என் கையில் இருந்தது. மாற்றுவதற்கு உலகத்தில் ஆளில்லை. இணைப்பினால் என்றைக்கும் அசைக்க முடியாதபடி நிலைத்துப்போன ஸ்காட்லாந்து உரிமை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இன்றைக்கும் நான் இதைத்தான் காட்டுவேன். சுற்றியிருந்த வியாபாரிகளில் இரண்டு பேர் ஏற்கனவே குனிந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

பர்டியும் குனிந்தார். இரட்டை முடிச்சு லேசில் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். மூட்டை வாய் திறந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

நினியன் அகப்பையை உருவவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன? எடுக்க வேண்டியதுதானே? தொறந்து கெடக்குல்ல!"

"நீங்க இன்னும் சொல்லலை மொதலாளி."

சந்தை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பர்டி மெதுவாகத் திரும்பினார். காது வரை சிவந்திருந்தது. அவர் நினியன் டாட்ஸின் முகத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"எடுத்துக்கோ," என்றார்.

"புண்ணியமாப் போகும்ங்க," என்றார் நினியன். ஓர் அகப்பை அள்ளினார், வழித்தார், மிச்சத்தை மூட்டைக்குள் தள்ளிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனார்.